நெற்குவியலின் நடுவே எவ்வளவு சூடு? வெப்பம் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அளவீட்டைப் பற்றியவை. பொருளைத் தொட்டு அளக்கும் எந்த வெப்பமானியும் தன்னுடைய சொந்த வெப்பநிலையையே காட்டுகிறது. அளக்கப்படும் பொருளின் வெப்பநிலைக்கு அது உண்மையிலேயே வந்து சேர்ந்துவிட்டதா என்பதை அளப்பவர்தான் உறுதிசெய்ய வேண்டும். கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளர் கொதிநீரில் வெப்பம் அதிகமா, ஒரு அண்டா வெதுவெதுப்பான நீரிலா? (மாணவி, மன்னார்குடி)

அண்டாவில்தான். 1 கிலோ நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 30 டிகிரியில் இருந்த கால் லிட்டருக்கும் குறைவான, அதாவது 200 மில்லிலிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 59 கிலோஜூல் போதும். அதே 30 டிகிரியில் இருந்த 50 லிட்டரை வெறும் 10 டிகிரி உயர்த்தவே 2,100 கிலோஜூல் தேவை. வெப்பநிலையும் வெப்ப ஆற்றலும் வெவ்வேறு என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான சான்று.

அறுவடை முடிந்து களத்தில் கொட்டிய நெல், மேலே கை வைத்தால் குளிர்ந்திருக்கிறது. உள்ளே கைவிட்டால் சுடுகிறது. வெயிலே இல்லாதபோது இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? (விவசாயி, திருவாரூர் மாவட்டம்)

நெல் உயிருள்ள விதை, அது சுவாசிக்கிறது. ஈரம் மிகுந்திருந்தால் சுவாசம் வேகமெடுப்பதோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுமே மாவுச்சத்தை எரித்து வெப்பத்தையும் நீரையும் வெளியிடுகின்றன. 1 கிராம் மாவுச்சத்து முழுமையாக எரிந்தால் சுமார் 17 கிலோஜூல் கிடைக்கும். 1 டன் நெல்லில் 1 கிலோ மாவுச்சத்து மட்டும் இவ்வாறு கரைந்தாலும் 17,000 கிலோஜூல் உண்டாகிறது. ஈர நெல் 1 கிலோவை 1 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 2 கிலோஜூல் போதும் என்பதால், வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் குவியல் முழுவதும் 8 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். அதே 1 கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் நீரும் பிறந்து, ஈரத்தை மேலும் கூட்டுகிறது.

வெளியேற வழியும் மிகக் குறைவு. நெல்மணிகளுக்கு இடையே அடைபட்ட காற்றும் உமியும் வெப்பத்தை அரிதாகவே கடத்துகின்றன. இரும்போடு ஒப்பிட்டால் நெற்குவியலின் கடத்துதிறன் பல நூறு மடங்கு குறைவு. மேற்பரப்பில் மட்டும் காற்று பட்டு ஈரம் ஆவியாவதால் அங்கே குளிர்ச்சி தெரிகிறது. ஆகவே மேலே வைத்த கையோ, மேலே செருகிய வெப்பமானியோ எச்சரிக்கை தராது. நீண்ட கம்பி முனையுள்ள மின்னணு வெப்பமானியைக் குவியலின் நடு ஆழம்வரை செலுத்தி, எண் மாறாமல் நிற்கும்வரை சில நிமிடங்கள் காத்திருங்கள். அது இல்லையென்றால் இரும்புக் கம்பி ஒன்றைக் கால் மணி நேரம் செருகி வைத்து, உருவியதும் உள்ளே இருந்த பகுதியைத் தொட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் நாளுக்கு நாள் சூடு கூடிவந்தால், அன்றே குவியலைக் கலைத்துப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். மழைக்குப் போட்ட தார்ப்பாயை மழை விட்டதும் எடுத்துவிடுங்கள். உள்ளிருந்து எழும் ஈரம் இரவில் அதன் அடிப்பக்கத்தில் நீராகப் படிந்து மீண்டும் நெல்லிலேயே சொட்டும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் 17 சதவீத ஈரப்பதம்கூட நீண்டகாலச் சேமிப்புக்கு ஏற்றதல்ல. அதற்கு 14 சதவீதத்துக்குக் கீழே காய வேண்டும். உழைத்து விளைவித்த நெல் களத்திலேயே பழுதாகிப்போவதைப் போன்ற இழப்பு வேறில்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, கொதிக்கும் பித்தளைப் பாத்திரத்தை 38 டிகிரி என்கிறது. கருவி பழுதா? (கும்பகோணம்)

பழுதில்லை. அந்தக் கருவி, பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து கணக்கிடுகிறது. பெரும்பாலான கருவிகள் உமிழ்திறன் (ஒரு பொருள் வெப்பக் கதிர்களை எவ்வளவு நன்றாக வெளியிடுகிறது என்பதன் அளவு; உச்சம் 1) 0.95 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகின்றன. தோல், மரம், நீர், வண்ணம் பூசிய சுவர் ஆகியவற்றுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். நன்றாக விளக்கிய பித்தளையின் உமிழ்திறனோ 0.1-க்கும் கீழே, அது தன் கதிர்களைக் குறைவாகவே உமிழ்ந்து, எதிரே உள்ள சுவரின் கதிர்களைப் பிரதிபலிக்கிறது. நீங்கள் படித்த எண்ணில் பெரும்பங்கு உங்கள் சமையலறைச் சுவருடையது. பாத்திரத்தின் கரி படிந்த பகுதியையோ, பக்கத்தில் ஒட்டிய காகித நாடாவையோ குறிவைத்தால் சரியான எண்ணுக்கு அருகே வரும்.

மொட்டைமாடி வெப்பமானி 46 காட்டும்போது வானிலைச் செய்தி 38 என்பது ஏன்? (தஞ்சாவூர்)

வெயிலில் மாட்டிய வெப்பமானி சூரியக் கதிரை உறிஞ்சித் தானே சூடாகிறது. வானிலைத் துறையினர் வெண்ணிறமான, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், நிழலில், காற்றின் வெப்பநிலையை அளக்கிறார்கள்.

தஞ்சாவூரில் அக்கா வீட்டு மண்பானைத் தண்ணீர் சில்லென்றிருக்கிறது; அதே பானை எங்கள் ஊரில் அப்படிக் குளிர்வதில்லையே? (வேதாரண்யம்)

பானையின் மேல் குற்றமில்லை. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது 1 கிலோவுக்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள உள்நாட்டுக் காற்றில் பானை நீர் குளிரக்கூடிய எல்லை 24 டிகிரி அளவில் இருக்கும். 34 டிகிரியும் 70 சதவீதமும் உள்ள கடற்கரைக் காற்றில் அது 29 டிகிரி. பானையை நிழலான, காற்று வீசும் இடத்தில் வைப்பது உதவும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிக் குளிராது.

வார்ப்புக்கு உருக்கும் உலோகத்தை அளக்க எந்த வெப்பமானி? (சுவாமிமலை)

பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். செம்பு உருகுவதோ 1,085 டிகிரியில். உங்களுக்கு வேண்டியது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்களின் சந்திகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் மின்னழுத்தம் எழும் என்பதை 1821-இல் சீபெக் கண்டறிந்தார். பரவலாகப் பயன்படும் கே (K) வகைத் தெர்மோகப்பிள் கம்பியில் இந்த மின்னழுத்தம் 1,000 டிகிரிக்கு ஏறக்குறைய 41 மில்லிவோல்ட். உருகிய உலோகம் கம்பியை அரிக்காதபடி பீங்கான் உறை அவசியம். பலர் கவனிக்காத இடம் ஒன்றுண்டு: உலைக்கருகே 80 டிகிரியில் உள்ள இணைப்பிலிருந்து 35 டிகிரியில் உள்ள மீட்டர்வரை சாதாரணச் செம்புக் கம்பி இழுத்தால், மீட்டர் 45 டிகிரி குறைத்துக் காட்டும். கே வகைக்கென்றே விற்கும் நீட்டிப்புக் கம்பியைக் கேட்டு வாங்கி, முனைகள் மாறாமல் இணையுங்கள்.