காரில் ஹைட்ரஜன் கிட் பொருத்தலாமா?

கேள்வி: எனது பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. பேட்டரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அதில் வரும் ஹைட்ரஜனை இன்ஜினுக்குள் அனுப்பும் கிட் ஒன்றைப் பொருத்தினால் மைலேஜ் 30 சதவீதம் கூடும் என்கிறார் மெக்கானிக். பொருத்தலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: பொருத்த வேண்டாம். பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

ஹைட்ரஜன் வலிமையான எரிபொருள் என்பதில் ஐயமில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் ஏறத்தாழ 120 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் கிடைப்பது 44 மெகாஜூல் அளவுதான். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் இன்ஜின்களில் எரிவதும், மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக்கிய ஹைட்ரஜன்தான். ஆனால் தண்ணீர் எரிபொருள் அல்ல. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்பில் மிஞ்சிய சாம்பலைப் போன்றது. அதிலிருந்து ஹைட்ரஜனை மீட்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த ஆற்றல் முழுவதையும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும், வழியில் ஏற்படும் இழப்புகளையும் நாமே ஏற்க வேண்டும்.

உங்கள் காரையே எடுத்துக் கணக்குப் போடுவோம். தண்ணீரைப் பிரிக்கும் ஆறு சிறு அறைகளைத் (செல்) தொடராக இணைத்த ஒரு கிட், 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயும் மின்சாரத்துக்கு எவ்வளவு வாயு பிரியும் என்று சொல்லும் ஃபாரடே விதியின்படி அது ஒரு மணி நேரத்தில் சுமார் 3.4 கிராம் ஹைட்ரஜனைத் தரும். வாயுவாகப் பார்த்தால் அது 40 லிட்டர். கிட்டின் தண்ணீர் பாட்டிலில் குமிழிகள் கொப்பளிப்பதைக் கண்டு நம்பிக்கை பிறப்பது அதனால்தான். ஆனால் அந்த 40 லிட்டரில் இருக்கும் ஆற்றல் 13 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம். மூன்று தேக்கரண்டிகூட நிறையாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கார் அதே ஒரு மணி நேரத்தில் குடிப்பது 3,300 மில்லிலிட்டருக்கும் மேல். கிட்டுக்குத் தேவையான 180 வாட் மின்சாரமும் வானத்திலிருந்து வருவதில்லை. இன்ஜின் சுழற்ற, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. இன்ஜினிலும் ஆல்டர்னேட்டரிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தால், அந்த மின்சாரத்துக்காகவே சுமார் 150 மில்லிலிட்டர் பெட்ரோல் கூடுதலாக எரியும். 13 மில்லிலிட்டருக்காக 150 மில்லிலிட்டரை இழப்பதை எப்படிச் சிக்கனம் என்பது?

பொருத்திய பிறகு மைலேஜ் கூடியதாகச் சிலர் சொல்வது முழுக்கப் பொய்யாகவும் இருக்காது. கிட் பொருத்தும் நாளிலேயே ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாறியிருக்கும், ஓட்டுபவரும் ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதிப்பார். சில கிட்டுகளோடு வரும் சிறு மின்னணுப் பெட்டி, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் சமிக்ஞையை மாற்றிப் பெட்ரோல் அளவைக் குறைக்கிறது. அது ஹைட்ரஜனின் வேலை அல்ல. நாளடைவில் வால்வுகளையும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கக்கூடியது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது பாதுகாப்பு. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். இந்தக் கிட்டிலோ ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெடிப்பதற்கு மிகப் பொருத்தமான விகிதத்திலேயே ஒரே குழாயில் கலந்து வருகின்றன. இன்ஜினிலிருந்து சுடர் பின்னோக்கிப் பாய்ந்தால் பாட்டிலே வெடிகுண்டாகிவிடும். முறையான ஹைட்ரஜன் கார்களில் வாயு தனியாக, 700 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) அழுத்தம் தாங்கும் கார்பன் இழைத் தொட்டியில் இருக்கும். எரிபொருள் கலன் (ஃபியூவல் செல்) என்ற கருவி அதை மின்சாரமாக்கி மோட்டாரை ஓட்டும். அந்த ஹைட்ரஜனும் வெளியே தயாரித்து நிரப்பப்படுவதே தவிர, ஓடும் காரில் உண்டாவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றங்களைத் தடை செய்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். எரிபொருள் செலவைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், உங்கள் கார் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற சிஎன்ஜி கிட் இருக்கிறதா என்று விசாரித்து, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொருத்தி, ஆர்சி புத்தகத்தில் அந்த மாற்றத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.