மீன் தொட்டியில் பவளப்பாறை வைக்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் போயிருந்தபோது சித்தப்பா ஒரு கடையில் கை அகல வெள்ளைப் பவளப்பாறை வாங்கித் தந்தார். மீன் தொட்டியில் வைத்திருக்கிறோம். தண்ணீரில் கிடந்தால் திரும்ப வளரும் என்கிறான் மகன். வளருமா? அதை வைத்த பிறகு டெட்ரா மீன்கள் சோர்ந்து கிடக்கின்றன. இதனாலா?
– வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

வளராது. அது செத்துப்போன உயிரின் எலும்புக்கூடு. முதல் வேலையாகத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

எடுத்ததும் மகனிடம் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலெல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொன்றின் உள்ளேயும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள், பெரும்பாலும் ஆறின் மடங்கில். அந்தக் கிண்ணம் ஒவ்வொன்றிலும் ஒரு பவள உயிரி குடியிருந்தது. மெத்தென்ற உடம்பு, ஒரே ஒரு வாய், சுற்றிலும் உணர்கொம்புகள்; பல இனங்களில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு அடியில் கிண்ணம் கட்டிக்கொண்டு, மொட்டு விட்டுப் பெருகும். இரவில் கொம்புகளை நீட்டி மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். ஆனால் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு, சதைக்குள்ளேயே வாழும் நுண்பாசி வெயிலில் தயாரித்துக் கொடுப்பது. கிளை கிளையான இனம் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டை இனமென்றால் 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கை அகலத்துக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று மகனே கணக்குப் போடட்டும்.

பவளத்துக்கு நிறம் பெரும்பாலும் அந்தப் பாசியால்தான். வேலூரில் 40 டிகிரி நமக்குப் பழகிய வெயில். இன்னும் 1 டிகிரி கூடினாலும் பெரிதாகத் தெரியாது. பவளத்துக்கு அந்த 1 டிகிரிதான் உயிர்ப் பிரச்சினை. கோடையில் கடல்நீர் வழக்கமாகத் தொடும் உச்சத்தைவிட அவ்வளவு கூடிச் சில வாரம் நீடித்தால், பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். உடனே சாகாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இப்படிப் பெருமளவில் வெளிறின.

அங்கே அதற்கு முன்பே மனிதர் கையால் நடந்த அழிவும் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் கரை அரித்து, வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள்ளேயே போய்விட்டன. நினைத்தாலே வயிறு எரிகிறது. அலங்காரத்துக்கு ஒரு துண்டுதானே என்று வாங்குவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மீன்கள் சோர்ந்ததற்கு இது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சுண்ணாம்பு மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் காரத்தன்மையையும் ஏற்றும். உங்கள் பகுதி போர் தண்ணீரில் பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளைப் படிவம் கட்டுகிறதென்றால், அது ஏற்கெனவே கடின நீர். டெட்ரா மென்னீரில் வாழும் மீன். துண்டுக்குள் காய்ந்த சதை மிச்சமிருந்து அழுகினாலும் தண்ணீர் கெடும்.

சட்டம் இன்னும் முக்கியம். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டியிருக்கும். அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்தும்விடாதீர்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு, வேலூர் மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுத்தில் கொடுத்து ஒப்படையுங்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்ற வேண்டாம்; மீன் தாங்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, ஆர்.ஓ. தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். அந்த இடத்தில் ஏதாவது வைத்தே ஆகவேண்டுமென்றால் நம்மூர்க் கருங்கல்லே போதும். நன்றாகக் கழுவிப் போடுங்கள், அது கரையாது.