ஆயாம்மா தொடையில் குத்திய ஊசி

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன், பிளாஸ்டிக் மருத்துவக் கழிவு போடும் சிவப்புப் பையைத் தூக்கிப்போன ஆயாம்மாவின் தொடையில் உள்ளிருந்த ஊசி குத்திவிட்டது. ரத்தத்தைப் பிழிந்துவிட்டு ஸ்பிரிட் தடவிக்கொண்டார். இனி என்ன செய்வது? அவர்தான் பார்த்துத் தூக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியே இல்லை. அந்தப் பைக்குள் ஊசி வந்ததுதான் தப்பு. அதைப் போட்ட கை ஆயாம்மாவுடையது அல்ல.

முதலில் அவரைக் கவனிப்போம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. அந்த வாய்ப்பு போய்விட்டது. ஆனாலும் நாளைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நீங்களே கூடப் போங்கள். தனியாக அனுப்பினால் யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிடுவார். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மறுபடி எப்போது பார்ப்பது என்பதை அங்கேயே சொல்வார்கள்.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறோம். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் அது வர வாய்ப்பு 1,000-இல் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வர வாய்ப்போ 100-இல் 30 வரை. ஆயாம்மா அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறாரா? இல்லையென்றால் உடனே தொடங்குங்கள்: இன்று, ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் என மூன்று தவணை. மருத்துவக் கழிவைத் தொடும் எல்லோருக்கும் இதைப் போடுவது மருத்துவமனையின் பொறுப்பு என்று 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. தயங்காமல் கேளுங்கள்.

இனி யாருக்குக் குத்தினாலும் பிழியக் கூடாது, ஸ்பிரிட்டும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

ஊசி பைக்குள் எப்படி வருகிறது? போட்டு முடித்து கிட்னி ட்ரேயில் வைக்கிறோம். அடுத்த படுக்கையில் கூப்பிடுகிறார்கள். திரும்பி வந்து பஞ்சு, சிரிஞ்சு, ஊசி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொட்டுகிறோம். ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா டிரெஸ்ஸிங் அறை மூலையில் இருந்தால் இதுதான் நடக்கும். டப்பாவும் நீடில் கட்டரும் ட்ராலியிலேயே இருக்கட்டும். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாமல், படுக்கையருகிலேயே ஊசியை வெட்டிவிட்டு சிரிஞ்சை மட்டும் சிவப்பில் போடுங்கள். முக்கால் டப்பா நிறைந்ததும் மூடிவிடுங்கள். உடைத்த ஆம்ப்யூலும் (கண்ணாடி மருந்துக் குப்பி) பையைக் கிழிக்கும். அதற்கு நீலப் பெட்டி.

நடந்ததைப் பதிவேட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் இதுவும் வர வேண்டும். நாளை ஆயாம்மாவுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால், வேலையில் குத்தியது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.