காந்தி நகரா, பொய்கையா?

கேள்வி: வேலூர் டவுனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. இருவர் சம்பளமும் சேர்த்து 42,000 ரூபாய். சத்துவாச்சாரியில் 7,500 ரூபாய் வாடகை. "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, இன்னுமா அந்த வீட்டுல?" என்று நாத்தனார் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடியில் இருக்கும் காந்தி நகருக்குக் கூப்பிடுகிறார். அங்கே 13,000 கேட்கிறார்கள். வீட்டுக்காரரோ பொய்கைப் பக்கம் மனை வாங்கலாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, இப்போதைக்குச் சத்துவாச்சாரியை விட்டு நகராதீர்கள்.

சம்பளம் கூடினால் ஏரியாவை மாற்றியே ஆக வேண்டும் என்பது உறவுக்காரர்கள் போடும் கணக்கு. நம் ஊர் வாடகைக்கு வேறு கணக்கும் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்கள் நாள் வாடகைக்குத் தங்குகிறார்கள். காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழக மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். அவர்களோடு ஒரு குடும்பம் எப்படிப் போட்டி போடும்? வருமானம் ரொம்பக் குறைந்தவர்களுக்கோ தூரமாகப் போகவும் வழியில்லை. வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்றுதான் காகிதப்பட்டறை மலைச்சரிவில், மழைக்காலப் பயத்தோடு பலர் குடியிருக்கிறார்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். காந்தி நகர் வீட்டுக்கு மாதம் 5,500 கூடுதல், வருஷத்துக்கு 66,000. அப்புறம் நைட் டூட்டி முடிந்து பாலாற்றுப் பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர வேண்டும். இந்தப் பணத்தை வங்கியில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால், மனைக்கு முன்பணமாவது தேறும்.

வீட்டுக்காரரின் ஆசை நியாயமானதுதான். ஆனால் பொய்கை பெங்களூரு ரோட்டில் மேற்கே இருக்கிறது, ராணிப்பேட்டை கிழக்கே. தினமும் அவர் வேலூரை முழுசாகக் கடந்து போய் வர வேண்டும். மனை மலிவு என்று வாங்கி, மிச்சத்தைப் பெட்ரோலுக்கும் முதுகுவலிக்கும் கொடுப்பதா?

மனைதான் வேண்டுமென்றால் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் ரத்தினகிரிப் பக்கம் விசாரியுங்கள். ஒரே நெடுஞ்சாலை: நீங்கள் ஒரு பக்கம் பஸ் ஏறினால் அவர் மறுபக்கம் ஏறலாம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மனையைச் சித்திரை வெயிலில் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் போர்வெல் எத்தனை அடி, குழாயில் எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.