தீயணைப்பாளர் தேர்வு: மார்பு விரிவு 4 செ.மீ. போதுமா?

போதாது. சாதாரண நிலையில் 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். உங்களுக்கு 81 இருக்கிறது, விரித்தால் 85தான் வருகிறது என்கிறீர்கள். அப்படியே போனால் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரிய உடல்தகுதித் தேர்வில் அளவெடுக்கும் இடத்திலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒரு செ.மீ.தான் குறை, மனம் தளராதீர்கள். பெரும்பாலும் மூச்சு இழுக்கும் விதம்தான் காரணம். பலர் தோளைத் தூக்கி வயிற்றை உள்ளிழுப்பார்கள், விலா விரியவே விரியாது.

இன்றே பாருங்கள்:

1. சட்டையைக் கழற்றி, டேப்பை மார்புக் காம்பு மட்டத்தில் முதுகைச் சுற்றி நேராக வையுங்கள். பின்னால் டேப் இறங்கினால் அளவு தப்பாகும். வேறொருவர் பிடிப்பது நல்லது.
2. முழுக்க மூச்சை விட்டுவிட்டு, தோள் அசையாமல் மெதுவாக இழுங்கள்.

நீச்சலும் தண்டாலும் நன்றாகக் கை கொடுக்கும். அப்புறம் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், அதையும் விடாதீர்கள்.

பத்தாம் வகுப்பே போதும், பட்டம் இல்லையே என்ற கவலை வேண்டாம். ஒன்று மட்டும்: இடங்கள் ஒரே சீராக வருவதில்லை. 2022 அறிவிப்பில் தீயணைப்பாளர் இடம் 120, 2023இல் 674. அதனால் அதே விண்ணப்பத்தில் வரும் காவலர், சிறைக் காவலர் பணிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள்.