நின்ற இடத்தில் ஓடினால் ஓட்டம் தேறுமா? கேள்வி பதில்

கேள்வி: சார், ஜனவரியில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வேளச்சேரியில் மழை விட்டபாடில்லை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஹாலிலேயே நின்ற இடத்தில் ஓடினால் போதுமா?

பதில்: மழை விடும்வரை தாராளமாக ஓடுங்கள். ஓட்டத்தை அறவே நிறுத்தினால் இரண்டு வாரத்திலேயே தம் குறையத் தொடங்கும்; அதைத் தடுக்க இது நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி 21 கிலோமீட்டருக்குப் போய் நிற்காதீர்கள். ரோட்டில் ஓடும்போது பாதம் தரையைப் பின்னோக்கி உந்தி உடம்பை முன்னே தள்ளுகிறது. அதில் பெரும் பங்கு பிட்டத் தசைக்கும் பின்தொடைத் தசைக்கும். நின்ற இடத்தில் ஓடினால் கால் மேலே போய் அதே இடத்தில் இறங்குகிறது. உந்தும் வேலை அநேகமாக இல்லை. கெண்டைக்காலும் முன்தொடையும்தான் பாடுபடுகின்றன. ஹாலில் அரை மணி அசராமல் ஓடுகிறவர்கள்கூட மேம்பாலம் ஏறும்போது திணறுவது இதனால்தான்.

ஐந்து நிமிடம் மெதுவாக ஆரம்பியுங்கள். பிறகு ஒரு நிமிடம் முழங்கால் இடுப்பு உயரம் வருமாறு வேகமாக, ஒரு நிமிடம் மெதுவாக, இப்படிப் பத்து முறை. முடித்ததும் அபார்ட்மென்ட் படிக்கட்டை நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள். விட்டுப்போன பின்தசைகளுக்கு அது அவசியம். தண்ணீர் வடிந்த அன்றே ரோட்டுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: வாட்ச்சில் ஆறு கிலோமீட்டர் காட்டுகிறது. வாரக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஜிபிஎஸ் இல்லாதபோது அது கையின் ஆட்டத்தை வைத்து அடிகளை எண்ணி, உத்தேசமாகத் தூரம் போடுகிறது. நிமிடத்தையும் இதயத் துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வாரமாக டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு இப்படி ஓடுகிறேன். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருக்கிறது, அண்ணா.

பதில்: உடனே நிறுத்துங்கள் தம்பி. குதிகாலுக்கு மேலே கயிறு போல இருக்கும் நாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் ஓரிடத்தில் சுருக்கென்று வலித்தால் நாண் அளவுக்கு மீறி உழைத்திருக்கிறது என்று அர்த்தம். நின்ற இடத்தில் ஓடும்போது முன்பாதத்திலேயே குதிக்கிறோம், குதிகால் பெரும்பாலும் தரையைத் தொடுவதில்லை. அதனால் அந்த நாணுக்குச் சுமை அதிகமாகிறது. வலி அடங்கியபின் ஷூ போட்டு, ரப்பர் மேட் மேல், ஒவ்வொரு அடிக்கும் குதிகால் லேசாகத் தரை தொடும்படி ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். விறைப்பு போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: செக்கோஸ்லோவாக்கிய ஓட்டவீரர் ஜாட்டோபெக் இப்படிப் பயிற்சி செய்துதானே ஜெயித்தார்?

பதில்: குளியல் தொட்டியில் துணிகளை ஊறப்போட்டு, அதன்மேல் ஓடியே துவைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கித் தந்தது 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிய கடும் பயிற்சி. வீட்டுக்குள் கிடைத்த நேரத்தையும் அவர் விடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: டிரெட்மில் இதைவிட மேலா?

பதில்: மேல்தான். கால் பின்னால் போகிறது. ஒரு சதவீதம் ஏற்றம் வைத்து ஓடுங்கள்.

கேள்வி: பந்தயத்துக்கு முன் கூட்டத்தில் நகரவே இடமில்லை. அப்போது?

பதில்: நின்ற இடத்தில் ஓட அதைவிட நல்ல இடம் கிடையாது. கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு நிமிடம் மெதுவாக, கடைசியில் இருபது நொடி சட்சட்டென்று பாதத்தை மாற்றுங்கள். பக்கத்தில் இருப்பவர் காலை மிதிக்காதபடி முழங்காலைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்.