புற்றுநோய்ப் பதிவேட்டில் அம்மாவின் பெயர்: காப்பீடு பறிபோகுமா?

கேள்வி: அம்மாவுக்கு (58) மார்பகப் புற்றுநோய். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடக்கிறது. புற்றுநோய்ப் பதிவேட்டில் உள்ள அவர் விவரத்தையும் காப்பீட்டு விவரத்தையும் ஆராய்ச்சிக்காக இணைக்கப்போவதாகச் சொல்லி, மருத்துவமனையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் திட்டத்தில் பணம் தருவதை நிறுத்திவிடுவார்களா? நாளை எனக்குத் தனியார் பாலிசி கிடைக்காமல் போகுமா?

பதில்: இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு என்ன நோய் என்பது காப்பீட்டுத் திட்டத்தை நடத்துபவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குத்தானே பணம் கொடுக்கிறார்கள்! கையெழுத்தால் அவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

பதிவேட்டில் இருப்பது நோய் எந்த உறுப்பில், எப்போது, எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது. காப்பீட்டுக் கணக்கில் இருப்பது எந்தத் தேதியில் எந்தச் சிகிச்சைக்குப் பணம் போனது என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், நோய் தெரிந்தபின் எத்தனை வாரம் காத்திருந்தார்கள், யார் கீமோவைப் பாதியில் விட்டார்கள் என்று புரியும். சென்னையில் பதிவேடு 1982 முதல் இருக்கிறது. அரசுக் காப்பீடு 2009-ல் வந்தது. அப்போதே இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதனால் பெயர், வயது, ஊரை வைத்து ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் அப்பா இனிஷியல், இன்னோரிடத்தில் கணவர் இனிஷியல். லட்சுமியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். வயது ஒரு சீட்டில் 58, இன்னொன்றில் 60. ஒரே அம்மா இரண்டு நோயாளி ஆகிவிடுகிறார்! இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீங்களாவது எல்லா இடத்திலும் குடும்ப அட்டையில் உள்ளபடியே பெயரைச் சொல்லுங்கள்.

ஆளை அடையாளம் கண்டபின் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு, வெறும் எண்ணோடுதான் ஆய்வாளரிடம் கோப்பைக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விதிகளிலிருந்து தரும் விலக்கிலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. கையெழுத்துப் போட மறுத்தாலும் அம்மாவின் சிகிச்சை மாறக் கூடாது.

உங்கள் பாலிசி விஷயம் வேறு. அங்கே ஆபத்து பதிவேட்டால் வராது, ஏஜென்ட்டால் வரும். விண்ணப்பத்தில், 'பெற்றோருக்குப் புற்றுநோய் உண்டா?' என்று கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். "அதெல்லாம் போடாதீங்க மேடம், அஞ்சு வருஷம் போனா யாரும் கேக்க மாட்டாங்க" என்பார்கள். அது அரைகுறை உண்மை. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால் விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதைக் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2024-ல் விதி வந்தது நிஜம்தான். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தே மறைத்ததை மோசடி என்று வாதாட நிறுவனத்துக்கு வக்கீல் இருக்கிறார், ஏஜென்ட் அன்றைக்குப் போனைக்கூட எடுக்க மாட்டார். 60 மாதத்துக்குள் கிளெய்ம் வந்தால் அந்த விதியும் கைகொடுக்காது. விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பட்டும், ஆனால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு நகலையும் வாங்கி வையுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கித் தருகிறேன்", "பதிவு செய்தால் உதவித்தொகை வரும்" என்று வார்டு வாசலிலும் போனிலும் பிடிப்பார்கள். பதிவேட்டில் சேரக் கட்டணமும் இல்லை, சேர்ந்ததற்குப் பணமும் இல்லை. ஆதார் ஓடிபி கேட்டால் போனை வையுங்கள். முதலமைச்சர் திட்டத்தில் சேரவும் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் தமிழில் எழுதிய விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யார் ஆய்வு செய்கிறார், எந்த நெறிமுறைக் குழு (ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் குழு) அனுமதித்தது, விலக நினைத்தால் யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருந்தால் அம்மாவிடம் படித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் அவரே கையெழுத்திடட்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் போடாதீர்கள்.